இறகெறும்பு

போன தை மாதம் அத்தையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்து, கீழக்குயில்குடி அய்யனார் கோயில் தாமரைக் குளத்தை ஒட்டி நடந்தேன். சமணர் மலையைத் தாண்டிச் சரளைத் தடத்தில் போனால் எங்கள் பழைய மானாவாரிக் காடு வரும். கம்பும் தட்டாம்பயறும் விளைந்த காடு. இப்போது பாதிக்கு மேல் பிளாட் கல் ஊன்றிவிட்டார்கள். அப்படி ஊன்றிய ஒரு கல்லின் தூரில்தான் அந்தப் பொந்தைப் பார்த்தேன்.

எட்டணாக் காசு நுழையும் அளவு வாய். அதைச் சுற்றி, கோலத்துக்குக் கரை கட்டினாற்போல இறகுகள் கிடந்தன. மயிற்பீலியின் ஒரு கிழிசல், மைனாவின் வெள்ளை நுனி இறகு, கோழித் தூவல்கள். நடுநடுவே செத்துக் காய்ந்த எறும்புகள். இவை எல்லாவற்றின் மேலும் பனி முத்து முத்தாகக் கோத்திருந்தது. பொந்துக்குள்ளிருந்து கறுத்த எறும்பு ஒன்று வந்தது. தூவலின் மேல் ஏறி, ஒரு துளியை வாய்க்கிடுக்கியில் அப்படியே ஏந்திக்கொண்டு உள்ளே போயிற்று. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

முட்டி வலியை மறந்து அங்கேயே குந்திவிட்டேன். வெயில் ஏறிப் பனி காயும்வரை எழுந்திருக்கவில்லை. என் கண்ணுக்கு முன்னால் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வந்து நின்றது.

எங்கள் வீட்டில் ஹார்லிக்ஸ் வாங்கியது ஒரே ஒரு தடவைதான். தம்பிக்கு மஞ்சள்காமாலை கண்டு தேறிவந்தபோது அப்பா டவுனிலிருந்து வாங்கிவந்தார். பொடி தீர்ந்ததும் அந்தக் கனத்த கண்ணாடி பாட்டிலுக்கு வீட்டில் பெரிய போட்டி. அம்மாவுக்குக் கடுகு போட வேண்டும். அப்பத்தாவுக்கு ஊறுகாய்க்கு வேண்டும். அத்தைதான் யாருக்கும் தெரியாமல் எடுத்து முந்தானையில் மறைத்துவந்து என் கையில் கொடுத்தது. “எறும்பு வளர்க்கணும்னு சொன்னேல்ல மருமகனே, இந்தா.”

அப்பாவுக்கு மூத்தவர் அத்தை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஐந்தாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திவிட்டார்கள். பிறகு தம்பிகளின் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. கல்யாணம் என்ற பேச்சு எடுத்து எடுத்துத் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் யாரும் எடுக்காமலே விட்டுவிட்டார்கள்.

எறும்பு எங்கள் வீட்டுக்கு விருந்தாளியல்ல, பங்காளி. சாப்பாட்டு அலமாரியின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். அதில் தூசி படிந்தால் அதையே பாலமாக்கி எறும்பு ஏறிவிடும் என்பதால், தினமும் தண்ணீர் மாற்றுவது பிள்ளைகள் வேலை. நெய்ச்சட்டி உறியில் தொங்கும். கடிக்காத பிள்ளையார் எறும்பை யாரும் நசுக்கக் கூடாது. சுள்ளெறும்பு வந்தால் மஞ்சள்தூள். மாமரத்து முசுறைத் தொந்தரவு செய்யாமல் காய் பறிக்கத் தனிச் சாமர்த்தியம் வேண்டும். இப்போது என் மகள் வீட்டில் அலமாரிக்குக் காலே கிடையாது, சுவரோடு ஒட்டியது. சாக்பீஸ் போல ஒரு மருந்துக்கட்டியால் கோடு இழுத்துவிட்டால் காரியம் முடிந்தது. எறும்பின் பெயர் ஒன்றுகூடத் தெரியாமலே அந்த வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிடலாம்.

நான் வளர்க்க ஆசைப்பட்டது வீட்டுக்குள் வரும் எறும்பை அல்ல. காட்டில் தனியாகத் திரியும் ஒரு கறுப்பன். கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் நீளம். ஊரில் அதையும் கட்டெறும்பு என்றுதான் சொல்வார்கள். ஆனால் கட்டெறும்பின் வழவழப்பு அதற்குக் கிடையாது. உடம்பு முழுக்க நுண்ணிய சீப்பால் வாரிவிட்டது போலக் கீறல்கள் ஓடும். வெயிலில் பார்த்தால் சாம்பல் மின்னும். அரிசிமாவுக் கோலத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அது வேட்டைக்காரன். கறையான், ஈசல், சின்னப் பூச்சிகள்தான் இரை. சாரைசாரையாகப் போகிற வழக்கமும் இல்லை. வாசலில் இறகு சேர்ப்பதைப் பார்த்து அத்தைதான் இறகெறும்பு என்று பெயர் வைத்தது. எங்கள் வீட்டைத் தாண்டி அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

புரட்டாசியில் ஒரு மழை பெய்து மண் நெகிழ்ந்திருந்த நாளில் அத்தையும் நானும் களைக்கொத்தியோடு போனோம். பொந்து ஆழம் அதிகமில்லை, என் கை முழங்கைக்கு மேல் போகவில்லை. பழுப்பு நிறக் கூடுகளை வாயில் கவ்விக்கொண்டு எறும்புகள் நாலா பக்கமும் ஓடின. கொட்டாங்கச்சியில் மண்ணோடு அள்ளும்போது ஒன்று என் கட்டைவிரல் சந்தில் கொடுக்கை இறக்கியது. கட்டெறும்பு வாயால் கடிக்கும். இது குளவி மாதிரி வாலால் கொட்டும். வலி முழங்கை வரை ஏறி, கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தடவிவிட்டு, “அதும் வீட்டைப் பிரிச்சா அது கொட்டாம என்ன செய்யும்” என்றது.

முதல் முயற்சி உருப்படவில்லை. பாட்டில் நிறைய மண்ணைப் போட்டோம். எறும்புகள் நட்டநடுவில் போய் ஒளிந்துகொண்டன. வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண்தான். இரண்டு நாள் யோசித்து அத்தை ஒரு வழி கண்டுபிடித்தது. பாட்டிலுக்குள் ஒரு சின்ன பாட்டிலைக் கவிழ்த்துவைத்து, இரண்டுக்கும் இடையில் உள்ள விரல் கனச் சந்தில் மட்டும் மண்ணைப் போட்டது. இனி எறும்பு எங்கே வளை தோண்டினாலும் கண்ணாடியை ஒட்டித்தான் தோண்ட வேண்டும். வெளிச்சம் படாமல் சுற்றிலும் கறுப்புத் துணி. வாயில் அப்பாவின் பழைய வேட்டித் துணியை வைத்து ரப்பர் வளையம். விளிம்பில் விளக்கெண்ணெய். தண்ணீரை இங்க் ஃபில்லரால் சொட்டுச்சொட்டாக விடுவோம். அதிகம் விட்டால் மண் பூஞ்சைபிடிக்கும், குறைந்தால் கூடுகள் காய்ந்துபோகும். பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களிலும் எறும்பை இப்படிக் கண்ணாடியை ஒட்டியே வாழவைக்கிறார்கள் என்று பிற்பாடு படங்களில் பார்த்தபோது, அத்தையை நினைத்து எனக்கு நெஞ்சு நிறைந்தது.

நான் பள்ளிக்கூடம் போய்விடுவேன். பகலெல்லாம் பாட்டிலைப் பார்த்துக்கொண்டது அத்தைதான். மண்கட்டியைப் பெயர்த்துக் கறையான் கொண்டுவந்து போடும். சாயங்காலம் நான் வந்ததும் அன்றைய சேதி முழுக்கச் சொல்லும். நான் அதைக் கோடு போடாத நோட்டில் எழுதிக்கொள்வேன். எழுத்து என்னுடையது. கண் பெரும்பாலும் அத்தையுடையது.

கோழிக்கூடு கூட்டும்போது இரண்டு மூன்று தூவலை எடுத்து பாட்டிலுக்குள் போட்டதும் அத்தைதான். மறுநாள் காலை பார்த்தால் அவற்றை வளை வாயைச் சுற்றி இழுத்துவைத்திருந்தன. ராத்திரியில் பாட்டிலை முற்றத்தில் வைப்போம். மார்கழிப் பனி துணி வழியே இறங்கித் தூவலில் கோக்கும். எறும்புகள் விடியற்காலையில் வந்து துளியை எடுத்துப் போகும். “குடத்துக்குப் பதிலா இறகு வச்சிருக்கு” என்று அத்தை சொன்னதை நான் நோட்டில் எழுதவில்லை. அது அறிவியல் மாதிரி எனக்குப் படவில்லை. மார்க் மொஃபெட் என்ற அமெரிக்க எறும்பியலாளர் இதே பேரினத்தைச் சேர்ந்த இந்திய எறும்பைப் பற்றி 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். வறண்ட காலத்தில் வாசலில் இறகையும் செத்த எறும்பையும் வைத்துப் பனிநீர் பிடிக்கிறது என்பதுதான் அதன் சாரம். வைகையில் மணல் மட்டும் ஓடுகிற கோடைகளைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, நீர் சேர்க்கும் இந்தச் சூட்சுமம் புரியாமல் போக நியாயமில்லை.

இன்னொன்றும் பார்த்தோம். கறையானை பாட்டிலின் மேல்தட்டில் ஒரு மூலையில் போட்டால், முதலில் கண்ட எறும்பு உள்ளே போய் இன்னொன்றைக் கூட்டிவரும். கூட்டிவருவது என்றால் பேச்சுக்குச் சொல்வதல்ல. பின்னால் வருவது தன் உணர்கொம்பால் முன்னால் போவதன் உடம்பைத் தட்டிக்கொண்டே வரும். தொடுகை விட்டுப்போனால் முன்னது நின்றுவிடும், பின்னது வந்து தொட்டதும்தான் நகரும். சந்தைக்குப் போகையில் அத்தை சேலையைப் பிடித்துக்கொண்டு நான் போவது மாதிரியே இருக்கும்.

எங்கள் தமிழையா புறநானூற்றில் 173ஆம் பாட்டைச் சொல்லிக்கொடுத்த வாரம் அது. சோழன் கிள்ளிவளவன், சிறுகுடி கிழான் பண்ணனைப் பாடியது. பண்ணன் வீட்டில் சோறு வாங்கிக் கையில் ஏந்திப் போகும் பிள்ளைகளின் வரிசை, மழைக்கு முன் முட்டையோடு மேட்டுக்கு ஏறும் எறும்பு வரிசையாக அதில் வருகிறது. “எங்க எறும்பு வரிசையாப் போகாது ஐயா, ரெண்டு ரெண்டாத்தான் போகும்” என்று எழுந்து சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “அப்ப உன் எறும்புக்கு இன்னும் யாரும் பாட்டு எழுதல. நீ எழுது” என்றார். எழுத எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

இந்த எறும்புகள் இடம் மாறுவதென்றாலும் இப்படி இரண்டிரண்டாகத்தான். கொல்கத்தா ஐசர் ஆய்வு நிறுவனத்தில் சுமனா அன்னகிரியின் குழு இந்த எறும்பைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவருகிறது. குடியிருப்பு மொத்தமும் புதுப் பொந்துக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கைபிடித்தே அழைத்துப் போகப்படுகிறது. மழையில் வளைக்குள் வெள்ளம் புகுந்தால் என்ன செய்கின்றன என்பதை 2015இலும், இடம் மாறும் சந்தடியில் அடுத்த கூட்டத்தின் கூட்டுப்புழுவைத் திருடிப்போவதை 2016இலும் வெளியிட்டார்கள். இந்தியாவில் 828 வகை எறும்புகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். அவற்றில் இப்படி உட்கார்ந்து பார்க்கப்பட்டவை ஒரு கைப்பிடிதான் தேறும்.

மாசி வாக்கில் பாட்டிலில் கூடுகள் பெருகின. ஒருநாள் ஒரு கூட்டைப் பெரிய எறும்புகள் கிழித்து, உள்ளிருந்து வெளுத்த, நடுங்குகிற ஒரு குட்டியை வெளியே இழுத்தன. பூதக்கண்ணாடி என் கையில் இருந்தது. ஓர் எறும்பு அந்தக் குட்டியை மெல்லப் பிடித்துக்கொண்டு, அதன் தோள்பட்டைப் பக்கத்தில் வாயை வைத்து வெகுநேரம் ஏதோ செய்தது. குட்டி அசையாமல் கிடந்தது. நோட்டில் எழுதினேன்: “பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுகிறது.”

அத்தை கண்ணாடியை வாங்கிப் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. “குளிப்பாட்டலை மருமகனே. எதையோ பிச்சு எடுக்குது” என்றது.

“இல்லத்தே, தாய் எறும்பு நக்கிச் சுத்தம் பண்ணும்னு புத்தகத்துல போட்டிருக்கு.”

“போட்டிருக்கும். நான் பார்த்ததைச் சொன்னேன்.” கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டது. நான் நோட்டில் எழுதியதை மாற்றவில்லை.

அடுத்த பள்ளியாண்டில் அறிவியல் கண்காட்சி வந்தது. பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். மூன்று பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். முதல் கேள்வியே, “ராணி எங்கே?” என்பதுதான்.

மதுரைப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி அந்நியமில்லை. சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். அன்றிலிருந்து நாலு மாதம் ஊர் அம்மன் ஆட்சியில் இருக்கும். ஆவணியில்தான் சுவாமிக்குப் பட்டம். செங்கோல் யார் கையில் என்று தெரியாத நாளே எங்களுக்குக் கிடையாது. எறும்புக்கு மட்டும் ராணி இல்லாமல் போகுமா? முட்டை இருக்கிறது, குட்டி பிறக்கிறது. பெரிய வயிறும் உதிர்ந்த சிறகுத் தழும்புமாக ஒருத்தி உள்ளே எங்கேயோ இருந்தாக வேண்டும். “உள்ளே ஒளிஞ்சிருக்கு சார்” என்றேன். “ராணியைப் பிடிக்காம வெறும் வேலைக்காரங்களைப் பிடிச்சு வந்திருக்கே. இது சீக்கிரம் அழிஞ்சிரும்” என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முற்றத்தில் வெள்ளை வேட்டியை விரித்து பாட்டிலைக் கவிழ்த்தேன். அத்தை வேண்டாம் என்று கையைப் பிடித்தது. கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். எழுபதுக்கு மேல் எண்ணினேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே உடம்பு. ராணி இல்லை. அதற்குள் பல வேட்டியின் ஓரம் தாண்டி ஓடிவிட்டன. எஞ்சியவற்றைத் திரும்ப உள்ளே விட்டேன்.

அதற்குப் பிறகு பாட்டிலில் ஏதோ மாறிவிட்டது. எறும்புகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டும் உணர்கொம்பால் அறைந்துகொண்டும் திரிந்தன. முட்டைகள் வந்தன. ஆனால் அவற்றிலிருந்து பிறந்தவை எல்லாம் மெலிந்த, வெளிறிய, சிறகு முளைத்த ஆண்கள். வேலைக்காரர் ஒன்றுகூடப் பிறக்கவில்லை. வயதான எறும்புகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஐப்பசி அடைமழை முடிந்து பார்த்தபோது பாட்டிலில் இரண்டே இரண்டு இருந்தன. அத்தை அவற்றை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு, பாட்டிலைக் கழுவி அம்மாவிடம் கடுகுக்குக் கொடுத்தது.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தேன். வேலை என்னவோ கூட்டுறவுத் துறையில் கிடைத்தது. எங்கள் மலைக்கு அந்தப் பக்கம், தேனி ரோட்டில் காமராசர் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் உயிர்களின் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்துவந்தார். இருட்டுக் குகையில் தொங்கும் வௌவாலுக்கு அந்தி எப்படித் தெரிகிறது என்று பார்த்தார்கள். பகலிரவு தெரியாத தனியறை கட்டி அதில் மனிதர்களை நாள்கணக்கில் தங்கவைத்தும் பார்த்தார்கள். பஸ்ஸில் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் இறங்கி உள்ளே போய் யாரிடமாவது என் பாட்டிலைப் பற்றிக் கேட்கலாமா என்று தோன்றும். கேட்கவில்லை. அவர் பிற்பாடு பெங்களூரு ஜவாஹர்லால் நேரு மையத்துக்குப் போனார். அங்கே சகாக்களோடு சேர்ந்து நம்மூர்க் கட்டெறும்பின் கடிகாரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 2004இல் வந்தது. கட்டெறும்பு ராணி முட்டையிடும் நாட்களில் அவள் உடம்புக் கடிகாரம் நின்றுபோகிறதாம். முட்டையிட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு இரவும் பகலும் திரும்புகின்றன. பிள்ளை பெற்ற வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும்.

என் எறும்பைப் பற்றிய விடை பணி ஓய்வுக்குப் பிறகுதான் கிடைத்தது. மருமகன் சில கட்டுரைகளை அச்செடுத்துக் கொடுத்தார். அதன் பேரினப் பெயர் டயகம்மா. எங்கள் பக்கம் இருப்பது டயகம்மா இண்டிகமாக இருக்க வேண்டும். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயரில் ஓர் அம்மா இருக்கிறாள். ஆனால் ராணி இல்லை. இந்தப் பேரினம் முழுவதிலுமே ராணி என்று தனி உடம்போடு ஒருத்தி பிறப்பதில்லை. எல்லாரும் வேலைக்காரர்கள்தான். அவர்களில் ஒருத்திதான் ஆணோடு கூடி முட்டையிடுகிறாள்.

யார் அந்த ஒருத்தி? இதற்கு விடை 1989இல் வந்தது. ஜப்பானில் ஃபுகுமோட்டோவும் சகாக்களும் எழுதினார்கள். ஆஸ்திரேலிய வகையைப் பற்றிக் கிறிஸ்டியன் பீட்டர்ஸும் ஹிகாஷியும் எழுதினார்கள். கூட்டிலிருந்து வரும் ஒவ்வொரு பெண் எறும்புக்கும் தோளின் இரு பக்கமும் கடுகிலும் சிறிய மொட்டு ஒன்று இருக்கும். மற்ற எறும்பு ராணிகளுக்குச் சிறகு முளைக்கும் இடத்தில், சிறகுக்குப் பதிலாக இந்த மொட்டு. அது இருப்பவள்தான் ஆணோடு கூடுவாள், தாயாவாள். கூட்டத்தில் ஏற்கெனவே ஒரு தாய் இருந்தால், புதிதாகப் பிறந்தவளின் மொட்டுகளைப் பிறந்த சூட்டோடு கடித்து எடுத்துவிடுகிறார்கள். மொட்டிழந்தவள் அடங்கிப்போகிறாள். ஆணைத் தேடமாட்டாள். பிள்ளை வளர்ப்பாள், வளை தோண்டுவாள், வயதானதும் வேட்டைக்குப் போவாள். தாய் இல்லாமல் போனால் அவளும் சில முட்டை இடுவாள். ஆணோடு கூடாததால் அவற்றிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறக்கும்.

தாளை மடியில் வைத்துக்கொண்டு அன்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெள்ளை வேட்டியின் ஓரம் தாண்டி ஓடியவற்றில் தாயும் போயிருக்கிறாள். அவள் என் பூதக்கண்ணாடிக்குக் கீழேயும் வந்துதான் போயிருப்பாள். பெரிய வயிற்றைத் தேடிய கண்ணுக்குக் கடுகிலும் சிறிய மொட்டு படவில்லை. பாட்டிலில் சிறகோடு பிறந்த அந்த வெளிறிய ஆண்களுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு ரொம்ப வலித்தது வேறு ஒன்று. நோட்டில் நான் எழுதிவைத்த குளியல்.

பேரன் பத்தாவது படிக்கிறான். அவனும் எறும்பு வளர்க்கிறான். பாதி தண்ணீரும் பஞ்சுமாக ஒரு கண்ணாடிக் குழாய். மழைக்கு மறுநாள் மொட்டைமாடியில் பிடித்த கட்டெறும்பு ராணி அதற்குள் முட்டையோடு இருக்கிறாள். எறும்புக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது என்பதால் சிவப்புத் தாள் சுற்றிவைத்திருக்கிறான். ஜிப்சத்தில் வார்த்த வீடு தயாராகக் காத்திருக்கிறது. அவன் கையில் இருக்கும் பொறுமை அந்த வயதில் எனக்கு இல்லை. இப்போது உலகம் முழுக்க இந்த ஆசை பரவியிருக்கிறது. எல்லாருக்கும் வேண்டியது ராணி. 2025இல் கென்யாவில் பெல்ஜியத்து இளைஞர்கள் இருவர் சுமார் 5,000 ராணி எறும்புகளோடு பிடிபட்டார்கள். நீதிமன்றம் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் விதித்தது. அந்தச் செய்தியைப் பேரனுக்கு நானே படித்துக் காட்டினேன். ஒரு ராணியை எடுத்தால் மண்ணுக்கடியில் வரவேண்டிய ஓர் ஊரையே எடுத்ததாகும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். இறகெறும்பு வளர்க்கலாமா தாத்தா என்று கேட்டான். தோண்டி எடுக்க வேண்டாம், ஊருக்கு வா, பொந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தை மாதத்துக் காலையில் பொந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தபோது அத்தை திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எண்பது தாண்டிவிட்டது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. இன்னொன்று மங்கல்தான். பக்கத்தில் உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னேன். இறகு, பனி, துளி எல்லாம். கேட்டுக்கொண்டே சிரித்தது. பிறகு, இத்தனை வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன். மொட்டு, அதைக் கடித்து எடுப்பது, தாய், எல்லாவற்றையும்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல, குளிப்பாட்டலைன்னு.”

“ஆமாத்தே. சொன்னீங்க. நான்தான் எழுதலை.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

“பிச்சு எடுத்த பெறகு அந்தப் பிள்ளை என்ன செய்யுமாம்?”

“வீட்டு வேலை பூரா அதுதான் பார்க்குமாம். குட்டிகளை எல்லாம் வளர்க்குமாம்.”

“ம்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. புரை எடுத்த கண்ணில் வெயில் பட்டால் நீர் வரும். “எல்லா ஊர்லயும் இப்பிடித்தானா?”

இல்லை என்றேன். நீலகிரியில் இதன் சொந்தக்கார எறும்பு ஒன்று இருக்கிறது. பீட்டர்ஸும் அவர் சகாக்களும் 1992இல் அதைப் பற்றி எழுதினார்கள். அங்கே யாரும் யாருடைய மொட்டையும் எடுப்பதில்லை. தாயானவள் மற்றவர்களை அதட்டி மிரட்டி அடக்கிவைப்பதோடு சரி. மொட்டு அவரவர் தோளிலேயே கடைசிவரை இருக்கும்.

“அப்ப அங்க தாய் போயிட்டா, இருக்கிறதுல ஒண்ணு தாயாகிக்கிருமா?”

“ஆகலாம்த்தே.”

“அது சரி” என்று சொல்லிவிட்டு, தூணைப் பிடித்து எழுந்தது. கோழிக்கூட்டுப் பக்கம் மெல்லப் போய், குனிந்து தரையைக் கையால் துழாவியது. நான் எழுந்து போவதற்குள் திரும்பி வந்து நாலைந்து தூவலை என் கையில் வைத்தது.

“பஸ்ஸுக்குப் போறப்ப அந்தப் பொந்துகிட்டப் போட்டுட்டுப் போ மருமகனே. மாசி முடிஞ்சா பனி இருக்காது.”